நைனாவுக்காக நின்ற இடங்கள்

நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் டாக்டர்கள் இப்போது ஒரே மருந்தைத்தான் எழுதித் தருகிறார்கள். நடங்கள். மேடு ஏறாதீர்கள், சமதரையில் நடங்கள். விடியற்காலையில் கோரமண்டல் ஸ்டேஷன் பக்கம் போனால் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைகள் ஒரு பக்கம், காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு நடக்கிற நாம் இன்னொரு பக்கம். எந்த வழியாகப் போனால் முட்டி வலிக்காது என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். ஆனால் இந்தப் பக்கத்தில் எந்த வழி ஏறும், எந்த வழி ஏறாது என்பது என் காலுக்கே தெரியும். அது எப்படித் தெரிந்தது என்பதை வாயால் யாருக்கும் சொன்னதில்லை. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைன் வீடு. லைன் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள், நடுவில் பேருக்கு ஒரு சுவர். முதல் வீட்டில் யாராவது இருமினால் கடைசி வீட்டுக்காரி, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்பாள். அந்த வருஷம் இருமல் எங்கள் வீட்டில் இருந்தது.

நைனா, எங்கள் அப்பா, நந்திதுர்க் தங்க மைன்ஸில் அண்டர்கிரவுண்டில் பாறையில் துளை போடுகிற மெஷினைப் பிடித்தவர். கல் தூசியைப் பல வருஷம் மூச்சோடு சேர்த்து இழுத்தவர். மழை விட்டுக் குளிர் தொடங்குகிற சமயம் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து ஆளை ஏற்றி இறக்குகிற கேஜில் மேலே வந்தவர், வீட்டுக்கு வருகிற வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டுப் போனார்கள். அன்றைக்கு அவருடைய உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர், இனிமேல் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பொங்கல் வரைக்கும் லீவு. பொங்கல் கழித்துப் போய்க் காட்ட வேண்டும். யார் துணையும் இல்லாமல் வேலைக்கு நடந்து வந்து போகிற அளவுக்குத் தேறியிருந்தால் மேல் வேலை, அதாவது தரைக்கு மேலே ஏதாவது லேசான வேலை கிடைக்கும். தேறாவிட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் வீடும் போகும், வீடு கம்பெனியுடையது. அண்ணன் மைன்ஸில் சேர இன்னும் வயது வரவில்லை. குடியாத்தம் பக்கம் எங்களுக்கு ஊர் என்று ஒன்று இருந்தது, ஆனால் அங்கே போய்ப் படுக்க ஒரு பாய் அகலம் மண் கிடையாது.

"மெதுவா நடந்து பழகு. மேடு ஏறாத. நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமா வழிக்கு வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனியாக அனுப்ப அம்மாவுக்குப் பயம். அவள் பங்களா ஒன்றில் பாத்திரம் தேய்க்கப் போவாள். அண்ணனுக்குப் பரீட்சை வருஷம். மிச்சம் இருந்தது நான். ஐந்தாம் கிளாஸ் பாதியில் இருந்தேன்.

"நைனா வேலைக்குப் போற அன்னிக்கே நீயும் பள்ளிக்கூடம் போலாம்" என்றாள் அம்மா. "அது வரைக்கும் பையை ஆணியில மாட்டி வை. எலி கடிக்காம பாத்துக்கோ."

நான் மாட்டி வைத்தேன். பொங்கல் எப்போது வரும் என்று அண்ணனைக் கேட்டுக் கேட்டு அடி வாங்கினேன். பொங்கலுக்குக் கரும்பு வேண்டும் என்றல்ல. எங்கள் டீச்சரம்மா கணக்கில் பின்னம் ஆரம்பித்திருந்தார். நான் இல்லாமல் அது முடிந்துவிடுமே என்று பயம்.

முதல் நாள் ரோட்டு வழியாகப் போனோம். பங்களாக்களின் பக்கம் போகிற ரோடு, வண்டியில் போகிறவர்களுக்கு அது மேடென்றே தெரியாது. நைனா பத்து எட்டு வைத்தார், நின்றார். திரும்பி, தூரத்தில் தெரிந்த ஷாஃப்ட்டின் உச்சியில் கேஜை இழுக்கிற பெரிய சக்கரத்தைப் பார்த்தார்.

"கேஜ் மேல வருதா பாரு பாப்பா."

நான் பார்த்தேன். சக்கரம் சுற்றவே இல்லை. "வரல நைனா" என்றேன்.

"நல்லா பாரு."

நல்லா பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது அடங்கிய பிறகு, "சரி, வா" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போய் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். கட்டியிருந்ததை அவிழ்த்து மறுபடியும் அதே மாதிரி கட்டினார். எதிரே வந்த ஆளிடம் மணி கேட்டார். அவர் கையில் கடிகாரம் இல்லை.

வழியில் பார்க்கிறவர்கள் சும்மா போகமாட்டார்கள். "இன்னா மேஸ்திரி, மூச்சு வாங்குதா?" என்று ஒருவர் கேட்டால் அன்று இரவுக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். லைனுக்குத் தெரிந்தது டைம் ஆபீஸுக்குத் தெரியும். டைம் ஆபீஸுக்குத் தெரிந்தது டாக்டருக்குத் தெரியும் என்று நைனா நினைத்தார். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

அதனால் வேறு வழி தேடினோம். ரயில் பாதை ஓரமாக ஒரு நாள். அங்கே மேடு இல்லை, ஆனால் ஜல்லிக் கல் காலை வாரியது. கோரமண்டலுக்குப் போகிற குறுக்குப் பாதையில் ஒரு நாள். அங்கே பாதி வழியில் ஒரு பள்ளம், இறங்கிவிட்டு ஏற முடியாமல் ஆடு மேய்க்கிற கிழவி போகும்வரை பள்ளத்துக்குள்ளேயே நின்றோம்.

பிறகு நைனாவுக்கே ஞாபகம் வந்தது. "டப்பா லைன்ல போலாம்" என்றார். அந்தக் காலத்தில் அரைத்த கல்லின் கழிவை டப்பா வண்டிகளில் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டிய பழைய தண்டவாளப் பாதை அது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், மண் மேடை மட்டும் இருந்தது. "ஆளு தள்ற வண்டிக்குப் போட்ட பாதை. மேடு வெச்சா எவன் தள்ளுவான்?" என்று சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அந்தப் பாதை நிஜமாகவே நாக்கில் வைத்த வெண்ணெய் மாதிரி போனது. ஒரு பக்கம் உண்ணிச்செடிப் புதர், பக்கத்தில் போனாலே ஒரு நெடி. இன்னொரு பக்கம் அந்தக் கழிவு மண் குவிந்த சயனைட் மலை. இப்போது அது மழையில் கரைந்து செடி முளைத்துக் கிடக்கிறது. அப்போது வெறும் வெள்ளை. சாயங்கால வெயிலில் கொஞ்சம் ரோஜா நிறமாகும். மலை அடிவாரத்தில் மழை இழுத்து வந்த மாவு மண் அப்படியே படிந்து தட்டையாக, கால் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே குருவி சத்தம்கூடக் குறைவு. நைனாவின் மூச்சும் என் கொலுசில் மிச்சமிருந்த ஒரு மணியும்தான்.

பாதையின் நடுவில், உண்ணிப் புதர் முடிகிற இடத்தில், டைம் ஆபீஸ் ஐயாவின் வீடு. யார் எப்போது வேலைக்கு வந்தார், யார் லேட், யார் வரவில்லை என்று எழுதுகிறவர். லைனில் குழந்தை அழுதால் அவர் பேரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். சாயங்காலம் வேலிக்குள் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவர் வீட்டைக் கடக்கும்போது மட்டும் நைனா மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து நடப்பார். கடந்த பிறகு புதருக்குப் பின்னால் குனிந்து நின்று இருமுவார்.

ஒரு நாள் அடக்க முடியவில்லை. வேலிக்கு நேராகவே நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து என் இடது காலில் ஒரு முள். நான் கீழே உட்கார்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நைனாவும் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தை என் காலுக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். அவர் மூச்சு என் பாதத்தில் சுட்டது.

"இன்னாப்பா, லீவுல கீறவன் இங்க இன்னா பண்ற?" வேலிக்கு அந்தப் பக்கம் ஐயா எழுந்து நின்றிருந்தார்.

நைனா கொஞ்ச நேரம் என் காலையே தடவிக்கொண்டிருந்தார். பேச மூச்சு சேர்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"பொண்ணுக்குக் காலு சரியில்லீங்க ஐயா. நடக்க வெக்கச் சொல்லிக்கிறாங்க. அதான் இட்டுகினு வரேன்."

"அடப்பாவமே. எந்தக் காலு?"

"இதாங்க" என்று என் இடது காலைத் தூக்கிக் காட்டினார். முள் குத்திய இடத்தில் ஒரு துளி ரத்தம் இருந்தது. ஐயா எட்டிப் பார்த்தார். "பொறுமையா இட்டுகினு போ. அவசரப்படுத்தாத" என்றார்.

மறுநாள் அதே பாதையில் போனோம். ஐயா வீட்டு வேலி கண்ணில் பட்டதும் நைனா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர்கள் பிள்ளைகளிடம் எதையாவது கேட்க வெட்கப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் இடது காலை இழுக்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. நைனா எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். "இன்னா பாப்பா, காலு வலிக்குதா?" என்பார். "ஆமா நைனா" என்பேன். "சரி, ஒக்காரு" என்பார். உடைந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று, ஒரு மதகு, பெயின்ட்டில் நம்பர் போட்ட ஒரு கல், காய்க்காத சீத்தா மரம். அவையெல்லாம் எனக்குக் கால் வலிக்கிற இடங்கள். எதிரே வருகிறவர்கள் நைனாவின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், என் காலைத்தான் பார்ப்பார்கள். "பாவம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொள்ள அந்த நேரம் போதும். அந்த நாட்களில் நானும் அவரும் பேசியது பெரும்பாலும் இந்த மூன்று வார்த்தைதான். அதற்குள் எல்லாம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, இவர் என்னோடு வேறு எதுவும் பேசமாட்டேன் என்கிறாரே என்று இருந்தது.

குழாயடியில் பேச்சு வந்து, அம்மா வீட்டுக்குள் ஓடிவந்தாள். கதவைச் சாத்தினாள். "இன்னாடி காலுக்கு? இன்னா ஆச்சு?" என்று என் பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நைனாவுக்கு."

அம்மா அப்படியே உட்கார்ந்தாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நைனாவைப் பார்த்தாள். பிறகு என் காதுக்குக் கிட்டே வந்து, "வெளில போனா இழு. உள்ள வந்தா விட்டுடு. அண்ணன்கிட்டகூட சொல்லாத" என்றாள்.

அண்ணனிடம் மறைக்க முடியுமா, தெரிந்துவிட்டது. ஆனால் அவன் தெருவில் என்னை "நொண்டி, நொண்டி" என்று கூப்பிடுவான். அப்படிக் கூப்பிட்டால்தான் நம்புவார்கள் என்று அவனே பிறகு சொன்னான். மற்ற பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது நான் கயிறு சுற்றுகிறவளானேன். பிறகு அதற்கும் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தி இருந்தாள். மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் கால் விஷயம் தெரிந்த நாள்முதல் சாயங்காலம் நடந்துவிட்டு வந்ததும் என்னைத் தன் வீட்டில் உட்காரவைத்துக் காய்ச்சின எண்ணெய் தேய்ப்பாள். நல்ல காலை அவ்வளவு அக்கறையாக யாரும் தேய்த்திருக்கமாட்டார்கள். எனக்கு வெட்கமாகவும் சுகமாகவும் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நானும் வரேன்" என்று எங்களோடு நடக்கவே வந்துவிட்டாள். நைனா அன்று பட்ட பாடு! அத்தை பேசிக்கொண்டே வந்தாள். சயனைட் மலை அடிவாரத்தைப் பார்த்ததும் நின்று, "இன்னா அண்ணே, அப்படியே வேளாங்கண்ணி கடற்கரை மாதிரியே கீது. தண்ணி ஒண்ணுதான் இல்ல" என்றாள்.

"தண்ணியெல்லாம் கீழ கீது தங்கச்சி" என்றார் நைனா. "நான் பாத்துகீறேன்."

அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரிக்கிற நேரத்தில் நைனா மூச்சு வாங்கிக்கொண்டார். நான் கடலைப் பார்த்ததில்லை. அன்று முதல் அந்த வெள்ளை மண்ணில் உட்காரும்போதெல்லாம் கடற்கரையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் நைனா இருப்பார், ஆனால் யாரும் இல்லாத இடம் மாதிரி இருக்கும். அவர் தன் நெஞ்சையே கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த அத்தைதான் மார்கழியில் எலும்பு வைத்தியர் ஒருவரைக் கூட்டிவந்தாள். ஆந்திராப் பக்கத்து ஆள், தெலுங்கு கலந்து பேசுவார். அம்மா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அத்தை, "அண்ணி, நீங்க செலவைப் பத்தி யோசிக்காதீங்க, என் பொண்ணு மாதிரி" என்றாள். அதற்கு மேல் எப்படி மறுப்பது? லைன் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். வைத்தியர் என் இடது காலை மடக்கினார், நீட்டினார், இடுப்பு எலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "இதோ, இங்கேதான் விலகி இருக்கு" என்றார். எல்லோரும் "ஆ" என்றார்கள். ஒரே இழுப்பு. நான் போட்ட சத்தத்தில் நைனா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார்.

"போதும், விடுங்க" என்றார்.

"இரண்டு இழுப்பு இழுக்கணும்" என்றார் வைத்தியர்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது இழுப்பையும் இழுத்தார். அதற்குப் பிறகு சில நாள் நான் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

டைம் ஆபீஸ் ஐயாவும் ஒன்று செய்தார். ஒரு நாள் அவர் வீட்டு வேலி ஓரமாக, பாதையைப் பார்த்தபடி, தண்டவாளத்துக்குக் கீழே போடுகிற பழைய ஸ்லீப்பர் கட்டை ஒன்று கிடந்தது. "பொண்ணு ஒக்காரட்டும்னு போட்டுகீறேன்" என்றார். நாங்கள் உட்கார்ந்தோம். பெரிய கட்டை, ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். ஒரு சின்னப் பெண் உட்கார ஒரு கல் போதாதா? இந்தக் கேள்வி எனக்கு அப்போது வரவில்லை. சமீபத்தில்தான் வந்தது. அவர் தினமும் எங்களைப் பார்த்தவர். அவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்தும் ஒன்றும் எழுதாமல் விட்டாரோ? அப்படியானால் அவருக்குப் பயந்து நாங்கள் செய்ததெல்லாம் எதற்கு? கேட்க இப்போது அவரும் இல்லை, நைனாவும் இல்லை.

பொங்கல் கழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாய்ந்த ஏற்றம்தான், ஆனாலும் வழியில் எனக்குக் கால் நிறைய வலித்தது. சீக்கிரமே கிளம்பிப் போய், அவர் மூச்சு அடங்கும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போனோம். நான் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். அரைக்கதவுக்குக் கீழே டாக்டரின் பூட்ஸும் நைனாவின் வெறுங்காலும் தெரிந்தன. மேல் வேலைக்குப் பேர் எழுத வந்த டைம் ஆபீஸ் ஐயாவும் உள்ளே இருந்தார்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "நெஞ்சு நல்லா இல்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலைன்னா செய்யலாம். ஆனா தினமும் வந்து போகணுமே. நடக்கிறானா? யாராவது பார்த்தீங்களா?" என்றார்.

எனக்கு அந்த பெஞ்சின் ஆணி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் பாக்கறேன் சார்" என்றார் ஐயா. "டெய்லி நம்ம வீட்டாண்டதான் போறான். போய்ட்டு வர்றான். பொண்ணு காலு சரியில்ல, அதால லேட்டு. அது இல்லன்னா இவன் ஓடிடுவான்."

டாக்டர் சிரித்தார். ஏதோ எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணா? நட பார்க்கலாம்."

நான் எழுந்து நடந்தேன். வராந்தா முழுக்க நோயாளிகள். அந்தக் கோடிவரை காலை இழுத்துப் போய்த் திரும்பி வந்தேன்.

"ஏம்பா, இவளை முதல்ல கொண்டுவந்து காட்டியிருக்கணும். அடுத்த வாரம் கூட்டிட்டு வா."

"காட்டறேன் சார்" என்றார் நைனா. காட்டவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போதெல்லாம் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

வீடு தங்கியது. நைனாவுக்கு டோக்கன் ரூமில் வேலை கிடைத்தது. கீழே இறங்குகிறவர்களுக்கு ஜன்னல் வழியாகப் பித்தளை வில்லையை எடுத்துக் கொடுத்து, மேலே வந்ததும் திருப்பி வாங்கி மாட்டுகிற வேலை. உட்கார்ந்து செய்யலாம். அம்மா அன்று வெல்லம் போட்டு ராகி அடை தட்டினாள். நான் ஆணியிலிருந்து பையை எடுத்து, பலகையைத் துணியால் துடைத்து வைத்தேன்.

"இந்த வாரம் மட்டும் நைனாவோட போய்ட்டு வா" என்றாள் அம்மா. "அவருக்குப் பழகட்டும்."

காலையில் அவரோடு போய் விட்டுவிட்டு, சாயங்காலம் போய்க் கூட்டிவர வேண்டும். அந்த வாரம் முடிந்து இன்னொரு வாரமும் ஆனது. அவருக்குப் பழகவில்லை. எப்படிப் பழகும்? நின்று நின்றுதான் போக முடிந்தது. நிற்க நான் வேண்டும்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் டீச்சரம்மா வந்தார். குடை பிடித்துக்கொண்டு, எங்கள் லைனைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார். குழாயில் தண்ணீர் வருகிற நேரம். பெண்கள் எல்லோரும் வெளியே இருந்தார்கள். நான் குழாயடியில் இருந்தேன்.

"ஏம்மா, பொங்கல் லீவு முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு. நல்லா படிக்கிற பொண்ணு. ஏன் அனுப்பல?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"அனுப்பறேன் டீச்சரம்மா. திங்கக்கிழமை அனுப்பறேன்" என்றாள் அம்மா. அம்மா அதை நிஜமாகத்தான் சொன்னாள், குரலில் தெரிந்தது. அண்ணனை விட்டு நைனாவைக் கூட்டிப்போகச் சொல்லலாம் என்று அவள் யோசித்திருப்பாள்.

"எங்கே அவ? கூப்பிடுங்க."

நான் குடத்தோடு வந்தேன். குழாயடியிலிருந்து எங்கள் வாசலுக்கு எட்டு வீடு தூரம். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி. அவர்கள் எல்லோருக்கும் முன்னால் நான் எப்படி நேராக நடந்துவர முடியும்? நேற்றுவரை இழுத்தவள் இன்று நேராக நடந்தால், அப்போ அவ்வளவு நாள் நின்று நின்று போனது யாருக்காக என்று கேட்கமாட்டார்களா? டோக்கன் ரூமில் உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றிக் கேட்கமாட்டார்களா? நான் காலை இழுத்துக்கொண்டு வந்தேன். டீச்சரம்மா முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இது எப்போ?"

"கார்த்திகையிலிருந்துங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"நானும் வைத்தியரை இட்டாந்து இஸ்து விட்டுப் பாத்தேன், கேக்கல" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஐயோ, எனக்குத் தெரியாதேம்மா. அந்த மேடு ஏறி பள்ளிக்கூடம் வரணுமே தினமும். வேணாம், வேணாம். மொதல்ல காலு சரியாகட்டும். அவளைக் கஷ்டப்படுத்தாதீங்க. அவ பேரை எடுக்காம வெச்சிருக்கேன்." கைப்பையில் தேடி ஒரு முழுப் பென்சில் எடுத்து என் கையில் வைத்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைத் திறந்தாள். சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தாள்.

"சரிங்க டீச்சரம்மா" என்றாள்.

அவ்வளவுதான் என் படிப்பு. டீச்சரம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவ்வளவு பிரியமாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அன்று ராத்திரி நைனா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை டப்பா லைனில் போகும்போது வழக்கமான இடங்களில் அவர் நிற்கவில்லை. வேகவேகமாகப் போனார். தொட்டியைத் தாண்டினார், மதகைத் தாண்டினார். சீத்தா மரத்துக்கு முன்னால் முழங்காலில் கையை ஊன்றி நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "காலு வலிக்குது நைனா" என்றேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

அவரை விட்டுவிட்டு நான் தனியாகத் திரும்பி வருவேன். வெயில் ஏறுகிற நேரம். பாதையில் யாரும் இருக்கமாட்டார்கள். யாருமில்லாத இடத்தில் நேராக நடந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்த இடம் வெட்டவெளி. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு முகம் தெரியாது, நடைதான் தெரியும். வீட்டுக்குள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு நேராக நடப்பேன். போகப் போக அதையும் விட்டுவிட்டேன். அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நாலு எட்டு. அதற்காக எதற்கு மாற்றி மாற்றி நடப்பது என்று.

நைனா ஐந்தாறு வருஷம் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் அண்ணனுக்கு வயது வந்து மைன்ஸில் சேர்ந்துவிட்டான், வீட்டை அவன் பேருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அடுத்த மாசியில் ஒரு நாள் காலை, பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் எழவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ரயிலேறிப் போன மறுநாள். அண்ணன் ஷிப்டுக்குப் போயிருந்தான். அம்மா அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். குழாயில் தண்ணீர் விட்ட சத்தம் கேட்டது. நான் குடத்தை எடுத்தேன்.

"இனிமே இழுக்க வேணாம்" என்றாள் அம்மா. "யாரு இன்னா கேட்டாலும் கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன். நேரா நடந்து வா."

எனக்கு என்னவோ போல் இருந்தது. கூச்சமாகவும் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் துணியில்லாமல் போகிற மாதிரி. ஆனாலும் போனேன். தலையை நிமிர்த்தி, இரண்டு காலையும் சமமாக எடுத்து வைத்து, எட்டு வீட்டையும் கடந்து போனேன். தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தைகூட, "அம்மாவை ஒரு வாய் சாப்பிடச் சொல்லு கண்ணு" என்றாளே தவிர, வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒருவருக்கும் கண்ணில் படவில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

அம்மா வாசலுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரா நடன்னு சொன்னேனே பாப்பா."

"நேராத்தாம்மா நடக்கிறேன்" என்றேன்.

அம்மா என் காலைப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, என் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.